கண்ணாடிக் கதவுக்கு ஒரு திரை

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. அதற்கப்புறம் ரொம்ப காலம் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. போன வருடம்தான் எங்கள் அலுவலகம் ‘நலவாழ்வு அறை’யைக் கண்டுபிடித்தது. அந்த அறையை நிர்வகிக்கும் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அறையைப் பார்த்தால் நோயே இல்லாதவனுக்கும் குணமாகிவிடும். நீல விளக்கு, பிளாஸ்டிக் செடி, சளசளவென்று ஓடிக்கொண்டே இருக்கும் குட்டி நீரூற்று, உறை பிரிக்காத மசாஜ் நாற்காலி. பிரித்தால் அழுக்காகிவிடும் அல்லவா? சுவரில் ‘உன் உடல் பேசுவதைக் கேள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வாசகம். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவு முழுக்கக் கண்ணாடி. அது எங்கள் தலைவரின் யோசனை. வருகிற விருந்தினர்கள் நடையில் போகும்போதே எங்கள் நலவாழ்வைக் கண்ணாரப் பார்க்க வேண்டாமா? குழுக் கூட்டங்களும் அங்கேயே நடந்ததால் அறை ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை.

அப்படி ஒரு கூட்டத்துக்குத்தான் பதிவு அக்கா வந்தார். சரக்குப் பதிவுப் பிரிவில் வேலை. பெரியவர் சின்னவர் என்றில்லாமல் அலுவலகத்துக்கே அக்கா. நீண்ட விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“சார், இந்த ரூமை எனக்கு மத்தியானம் கொஞ்ச நேரம் குடுக்கணும்.”

தலைவரின் முகம் மலர்ந்தது. அறை வேண்டும் என்று ஒருவர் வாய்திறந்து கேட்பது அதுதான் முதல் தடவை. “தாராளமா! எதுக்கும்மா?”

“மசாஜ் பண்ணிக்கணும் சார்.”

“அதான் நாற்காலி இருக்கே! உறையோடயே உக்காரலாம். ஆனா கழுத்துக்கும் முதுகுக்கும் மட்டும்தான்.”

“நாற்காலி வேணாம் சார். நானே கையால பண்ணிக்குவேன். கதவுக்கு ஒரு திரை மட்டும் போட்டுக் குடுங்க.”

குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. திரையா? ‘வெளிப்படைத்தன்மை’ எங்கள் நிறுவனத்தின் கொள்கை ஆயிற்றே! கொள்முதல் அதிகாரி தொண்டையைச் செருமினார். “எந்த இடத்துல மசாஜ்னு தெரிஞ்சா, குழு ஒரு முடிவுக்கு வர வசதியா இருக்கும்.”

அக்கா அவரை நேராகப் பார்த்தார். “மார்புல சார். கேன்சர் வந்து ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. அந்த இடத்துல இம்ப்ளான்ட் வச்சிருக்காங்க. அதை அப்பப்ப அமுக்கி நகர்த்திக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா சுத்தியிருக்கற சதை இறுகிப்போகலாம்னு டாக்டர் சொல்லிக் குடுத்திருக்காங்க. காலையிலயும் ராத்திரியும் வீட்ல பண்ணிக்கறேன். மத்தியானத்துக்குத்தான் இடம் இல்ல. பாத்ரூம்ல தாழ்ப்பாள் ஒடஞ்சு கெடக்கு.”

நாங்கள் ஐந்து ஆண்களும் ஒரே நேரத்தில் கூரையை ஆராய்ந்தோம். கூரை நன்றாகத்தான் இருந்தது.

“கூட்டக் குறிப்புல எப்படி சார் எழுதறது?” என்று பேனாவைத் திறந்தேன்.

“‘உடலின் ஒரு பகுதி’ன்னு போடுங்க,” என்றார் தலைவர். பிறகு அதுவும் அதிகப்படி என்று தோன்றிவிட்டது. “பகுதி வேணாம். ‘உடல் சார்ந்த ஒரு விஷயம்’.”

படித்தவர்கள் கூடும் இடத்தில் இந்த நாகரிகம் தானாகவே வந்துவிடுகிறது.

அக்கா வெளியே போனதும் விவாதம் சூடுபிடித்தது. திரை போட்டால், உள்ளே என்னமோ நடக்கிறது என்று நாலு பேர் நினைப்பார்கள். போடாவிட்டால், நடப்பது நாலு பேருக்கும் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் துணைக்குழு அமைத்தோம். துணைக்குழு துணியின் நிறத்தில் இறங்கியது. நீலம் மனதுக்கு அமைதி தரும், ஆனால் நிறுவனத்தின் நிறம் ஆரஞ்சு. இதை அவசரப்பட்டு முடிவு செய்ய முடியுமா?

அக்கா நடுநடுவே என் மேசைக்கு வருவார்.

“தம்பி, திரை என்னாச்சு?”

“பரிசீலனையில இருக்குக்கா.”

“வீட்ல பழைய பெட்ஷீட் ஒண்ணு கெடக்கு, எடுத்துட்டு வரட்டா?”

“பெட்ஷீட்டா? அறையோட கௌரவம் என்னக்கா ஆகறது!”

ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஒரு மாதிரி இறுக்கமா இருக்கு தம்பி. கையைத் தூக்கினா இழுக்குது. மறுபடி ஆப்பரேஷன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு.”

நான் உடனே செயலில் இறங்கினேன். சிவப்பு மையில் ‘அவசரம்’ என்று எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வைத்தேன். பாவம், அந்தக் கூட்டத்தன்று தலைவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. விவாதம் இல்லை, துணைக்குழு இல்லை. கொள்முதல் அதிகாரி பாய்ந்து போய் நாற்காலியின் உறையைக் கிழித்தார். அவசரம் என்று வந்துவிட்டால் எங்கள் குழு எத்தனை வேகமாக இயங்கும் என்பதை அன்று கண்ணாடிக் கதவு வழியாக அலுவலகமே பார்த்தது. திரை விஷயம் அதற்கடுத்த கூட்டத்துக்குப் போனது.

அக்கா மறுபடி விடுப்பில் போனார். ‘உடல் சார்ந்த ஒரு விஷயம்’ என்றார்கள்.

அவர் திரும்பி வந்த வாரத்தில் திரையும் வந்து சேர்ந்தது. ஆரஞ்சு நிறம், மடிப்பு மடிப்பாக, இழுத்து மூட ஒரு கயிறு. சும்மா மாட்டிவிட முடியுமா? திறப்பு விழா வைத்தோம். தலைவர் உரையாற்றினார். பணியாளரின் குரலுக்குச் செவிசாய்ப்பதே எங்கள் மூச்சு என்று அவர் சொன்னபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பிறகு கயிற்றை அக்காவின் கையில் கொடுத்தார்.

“இது உங்க திரைம்மா. நீங்கதான் மொதல்ல இழுத்து மூடணும்.”

அக்கா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். “எனக்கு இனிமே இது வேணாம் சார்.”

“ஏம்மா, கலர் புடிக்கலையா?”

“கல்லு மாதிரி இறுகிப்போச்சு சார். வலி தாங்க முடியல. மறுபடி ஆப்பரேஷன் பண்ணி, உள்ள வச்சதை எடுத்துட்டாங்க. இனிமே அமுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.”

நாங்கள் மறுபடியும் கூரையைப் பார்த்தோம்.

“சரியா மசாஜ் பண்ணியிருந்தாலும் இறுகியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. இருந்தாலும் முழுசா பண்ணிப் பாத்துட்டுத் தோத்திருப்பேன் சார்,” என்றார். கயிற்றைத் தலைவரின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பிரிவுக்குப் போனார். கண்ணாடி வழியாக, அவர் நடை முழுக்க நடந்து போவது நன்றாகத் தெரிந்தது.

“குறிப்புல என்ன சார் எழுதறது?” என்றேன்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் கொடுத்தார். “‘தேவை முற்றிலும் நீங்கியது’ன்னு போடுங்க.”

போட்டேன். இன்று எங்கள் குழுவிடம் நிலுவை என்று எதுவும் இல்லை. வந்தது ஒரே கோரிக்கை. அதையும் டாக்டரின் கத்தி உதவியோடு அடியோடு எடுத்துவிட்டோம்.