கௌசலா பெயரில் நான் எழுதிய பாராட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை காலை

பாசமும் மரியாதையும் நிறைந்த இராசேஸ்வரி அக்காவுக்கு,

தம்பி ஐங்கரன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் ராஜினியும் மகள் கௌசலாவும் சுகம். கிள்ளானில் உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டும், அத்தானும் மருந்தைத் தவறாமல் சாப்பிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

இருபத்தேழு வயதுப் பெண் கேம் விளையாட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, பெற்றவன் சும்மா இருக்கிறானே என்று போனில் கேட்டீர்கள். போனில் நீங்கள் என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

அக்கா, அவள் கத்தவில்லை, நேர்முக வர்ணனை செய்கிறாள். வாரநாளில் பண்டமாரானில் கண்டெய்னர் லோரிகளை நேரத்துக்கு அனுப்பும் வேலை. சனி ஞாயிறில் இணையத்தில் நடக்கும் துப்பாக்கிச் சண்டைப் போட்டிகளுக்கு வர்ணனை. ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் ஆள் இருந்தது, தமிழுக்கு இவள்தான் துணிந்தாள். ஒருவன் சுவருக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி எட்டிப் பார்த்தால், கல்லில் வேகும் ரொட்டி சானாய் மாதிரி திரும்பித் திரும்பிப் படுக்கிறான் என்பாள். எனக்கு அந்த விளையாட்டில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே தெரியாது, ஆனால் சிரிப்பு வந்துவிடும்.

போன மாதம் 'தமிழ்க்காவலன்' என்ற பெயரில் ஒருவர், "இது தமிழா, பாசார் மாலாமா?" என்று, ஏதோ இரவுச் சந்தை இரைச்சல் என்பதுபோல், அவள் வீடியோவின் கீழே எழுதினார். நாற்பது பேர் ஆமாம் போட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கடிதம் எழுதிய கையல்லவா? மேசையில் திறந்திருந்த கணினியில் உட்கார்ந்து, "கௌசலா தங்கமான பிள்ளை. அவளைப்போல் தமிழ் பேச இந்த வட்டாரத்திலேயே ஆள் இல்லை. அழகும் அடக்கமும் உள்ளவள்" என்று எழுதி அனுப்பிவிட்டு, நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனேன். அந்தக் கணினியில் திறந்திருந்தது அவள் கணக்கு என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவளே அவளைப் பற்றி எழுதிக்கொண்டது போல ஊரெல்லாம் பரவி, 'அடக்கமுள்ளவள்' என்றே அவளுக்குப் பெயர் வைத்து, படம் போட்டு, பந்திங்கில் யாரோ அதைச் சட்டையில்கூட அச்சடித்துவிட்டார்கள். ஏற்பாட்டாளர்கள் அவளை அழைத்து, இந்தச் சச்சரவு அடங்காவிட்டால் இறுதி ஆட்டத்துக்குத் தமிழ் வர்ணனையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் என்னைத் திட்டவில்லை, அக்கா. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அப்பா, நீங்களும் வாங்க, முன் வரிசையில உட்காருங்க" என்றாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இறுதி ஆட்டம் உங்கள் கிள்ளானில்தான், ஒரு மண்டபத்தில். நானும் ராஜினியும் முன் வரிசையில். ஒலிவாங்கியைப் பிடித்ததும் கௌசலா முதலில் விளையாட்டைப் பேசவில்லை.

"அந்தப் பாராட்ட எழுதினது எங்கப்பா. இதோ, நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்காரு. அப்புறம், என் தமிழப் பத்திக் கேட்டீங்க. லோரி டிரைவர் அண்ணன்கிட்ட பேசுறதும் இந்தத் தமிழ்தான், சாமிகிட்ட பேசுறதும் இந்தத் தமிழ்தான். வேற தமிழ் எங்க வீட்டுல இல்ல லா."

மண்டபமே கைதட்டியது. ராஜினி என் கையைப் பிடித்த பிடியில் என் மோதிரம் விரலில் அழுந்திவிட்டது. கடைசி ஐந்து நிமிடம் ஒரே ஒருவன் மூவரை எதிர்த்து நிற்க, இவள் சொல்லச் சொல்ல, தமிழே தெரியாத சீன, மலாய்ப் பிள்ளைகளும் "போடு லா, போடு" என்று சேர்ந்து கத்தினார்கள். எதிலே எதைப் போடச் சொன்னார்களோ தெரியாது, நானும் எழுந்து நின்று கத்தினேன். அவன் ஜெயித்தான். மறுநாள் அதே தமிழ்க்காவலன் வீடியோவின் கீழே எழுதியிருந்தது ஒரே வரி: "அடுத்த ஆட்டம் எப்போது?"

ஆகவே, மகள் கெட்டுப் போகவில்லை. அவளைப் பெற்றதில் எனக்குப் பெருமைதான். நான்தான் பாடம் கற்றேன். இனி இணையத்தில் ஒரு எழுத்துகூட எழுதமாட்டேன் என்று ராஜினி தலைமேல் சத்தியம் செய்துவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் கௌசலாவுக்கு என்றும் வேண்டும்.

உங்கள் தம்பி,
ஐங்கரன்

பின்குறிப்பு: இன்று காலை யாரோ அவள் 'ழ'கரம் சரியில்லை என்று எழுதியிருந்தார். ஆறு பத்தியில் பதில் போட்டுவிட்டேன். இந்த முறை சொந்தக் கணக்கில்தான், கவலை வேண்டாம். ராஜினிக்குத் தெரியாது. உங்களுக்குக் கணக்கு இருந்தால் கீழே ஒரு 'ஆமாம்' போடுங்கள்.