ஆறு நாளில் தீர்த்த குரல்

மதராஸ் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குத் தனியாகச் சங்கு எதற்கு என்று நாங்கள் கேலி பேசிய காலம் ஒன்று உண்டு. எங்களிடம்தான் ஒரு சங்கு இருந்தாரே! அவர் ராயபுரத்தில் வீட்டு வாசலில் நின்று, "இன்னாம்மே, கொழம்பு ஆச்சா?" என்று கேட்டால், திருவொற்றியூரில் யாரோ ஒரு பெண்மணி, "இன்னும் கொதிக்கலீங்க" என்று பதில் சொல்வாள் என்பது எங்கள் கட்சி. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே உட்கார்ந்திருந்தார்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. நான் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் ரைட்டர். சங்கு கப்பல் தளத்தில் நின்றுகொண்டு, மூட்டைகளைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிறவருக்கு, "தூக்கு, இறக்கு, நிறுத்து" என்று கத்துகிறவர். வின்ச் ஓட்டிய மஸ்தான் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காதாலேயே வேலை செய்வார். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரல் ஒரு மழைக்காலத்தில் கம்மியது. கம்மிய பிறகும் எங்கள் நாலு பேர் குரலுக்குச் சமமாகத்தான் இருந்தது என்பதால் யாரும் கவலைப்படவில்லை. சோறு விழுங்க முடியவில்லை என்று அவர் மனைவி ராஜம்மா சொன்ன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது. அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார் டாக்டர். ராஜம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சங்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னைக்கு செவ்வா. அதுவரைக்கும் எவ்ளோ வோணா பேசலாமா சாரே?"

"எப்படியும் போகப் போறதுதானேப்பா. பேசு."

அவ்வளவுதான். திரும்பி வரும் டிராமிலேயே ஆரம்பித்துவிட்டார். கண்டக்டரிடம் பேசினார். ஏறியவர்கள், இறங்கியவர்கள் எல்லோரையும் விசாரித்தார். "கொஞ்சம் ஓய்வு எடுங்களேன்" என்றேன்.

"மிச்சம் புடிச்சி இன்னா பண்ணப் போறேன் ரைட்டரே? திங்கக்கெழம அவரு அறுத்துத் தட்டுல போட்டுக்கினு போய்டுவாரு. அதுக்குள்ள தீத்துரணும்!"

புதன்கிழமை தண்டையார்பேட்டைக்குப் போய் மச்சான் வீட்டு வாசலில் நின்றார். ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. "டேய் மச்சான், வெளிய வாடா! ஒம்போது வருசமா உன்ன திட்டணும்னு வெச்சிக்கினு கீறேன். இனிமே டயம் இல்ல!" அரை மணி நேரம் திட்டினார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. திங்கட்கிழமையோடு அந்தக் குரல் போய்விடும் என்பது தெரிந்ததும் மச்சான் ஓவென்று அழ ஆரம்பித்தார். இவர் அவரைத் தேற்றினார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். வெள்ளிக்கிழமை அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வயிற்றைப் பார்த்துப் பேசினார்.

"ஏ குட்டி, இதான் தாத்தா கொரலு. நல்லா கேட்டுக்க. அப்பால வந்து கேட்டா கெடைக்காது."

"அய்ய, சொம்மா இரு நைனா, கூச்சமா கீது" என்று சிரித்த அந்தப் பெண், சிரிப்பு முடிவதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கடற்கரைக்குக் கூப்பிட்டார். இரண்டு தெரு தாண்டிப் போகும்வரை வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் நடந்து நான் பார்த்தது அன்றுதான். படகு ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார். "ரைட்டரே, மெய்யாலுமே பயமா கீதுபா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, அதையும் சொல்லியாச்சு. இதான் பாக்கி இருந்துச்சு. வா, வூட்டுக்குப் போலாம்!" என்றார், பழைய சத்தத்தில்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் மூச்சுக்காக ஒரு துளையோடு வந்தார். அதை மறைக்கப் பச்சைக் கைக்குட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உலாவினார். மூக்கு வழியாக மூச்சு விடுவதில்லை என்பதால் வாசனை தெரியாமல் போயிற்று. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. தோல் கிடங்கைத் தாண்டும்போது நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அவர் பூங்காவில் நடப்பதுபோல் கையை வீசிக்கொண்டு, வேண்டுமென்றே நிதானமாக வருவார்.

எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாம் கைஜாடைதான். ராஜம்மா மொழிபெயர்ப்பாள். ஒருநாள் அவர் எதையோ சுட்டிக்காட்டி ஜாடை செய்தார்.

"இன்னா சொல்றாருன்னா, பொங்கலுக்கு எனக்குப் பொடவ எடுத்துத் தராராம்."

அவர் பதறிப்போய் இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினார்.

"ரெண்டு பொடவையாம்" என்றாள் ராஜம்மா.

சத்தமில்லாமல் அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

வேலைதான் சிக்கலாயிற்று. "கத்துறதுக்குச் சம்பளம். கத்த முடியாதவனுக்கு என்ன வேலை?" என்றார் சூப்பர்வைசர். மஸ்தான் பாய் சண்டை போட்டு, ஒரே ஒரு நாள் பார்க்கச் சொன்னார். மறுநாள் ஒரு கோதுமைக் கப்பல். சங்கு தளத்தின் விளிம்பில் நின்று, கைஜாடையாலேயே மூட்டைகளைத் தூக்கினார், இறக்கினார். காலை முழுக்க ஒரு குறையும் இல்லை. பதினொரு மணி வாக்கில், பாதி உயரத்தில் தொங்கிய மூட்டைக்கட்டின் கயிறு நழுவத் தொடங்கியது. கீழே நாலு பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். சங்கு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே போட்டார். வின்ச் அந்த நொடியே நின்றது. அப்புறம் இடது கையை ஆளில்லாத பக்கமாக நீட்டி, விரல் விரலாக மடக்கினார். மூட்டைக்கட்டு அந்தப் பக்கமாக நகர்ந்து, பூப்போல இறங்கியது.

மஸ்தான் பாய் சூப்பர்வைசரிடம் சொன்னார். "முன்னெல்லாம் கொரல கேட்டுக்கினு பீடி பத்த வெப்பேன் சார். இப்ப அந்தாளு மேலருந்து கண்ண எடுக்க முடில. காலைலருந்து ஒரு பீடி குடிக்கல நானு. எனக்கு இவருதான் வோணும்."

அடுத்த பதினோரு வருஷம் அவர் அதே இடத்தில் நின்றார்.

அதில் இரண்டாவது வருஷம் நான் டைபாய்டில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காய்ச்சல் இறங்கியும் உடம்பு தேறவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இனி எழுந்து நடக்கப் போவதில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். சங்கு தினமும் நாலு மணிக்கு வருவார். ஊசியோடு வரும் நர்ஸ், அவரைக் கண்டதும் போர்வைக்குள் ஒளியும் நோயாளி, குறட்டை விடும் வார்டுபாய் என்று மூன்று பேராகவும் மாறி மாறி நடிப்பார். பக்கத்துக் கட்டிலில் வயிற்றில் தையல் போட்டிருந்தவர், "யோவ், சாமி, போதும்யா! தையல் பிரிஞ்சிடும்!" என்று கெஞ்சுவார்.

தைரியம் சொல்ல எத்தனையோ பேர் வந்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று எதுவும் நினைவில்லை. மூன்றரை மணியிலிருந்தே நான் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அவர் வந்துவிட்டால் எனக்குப் பசிக்கும்.