என் பாதமும் அத்தையின் கணுக்காலும்

விளையாட்டில் எனக்குக் கைப்பயம் கிடையாது, கால்பயம்தான். கை தவறினால் ஒரு புள்ளி போகும். கால் பிசகினால் வீட்டு வேலை, குழந்தை, மானம் மூன்றும் போகும். இந்தப் பயத்தில் நான் செய்த முன்னேற்பாட்டினால் பிசகியது வேறொருவர் கால் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் மகள் உலகுவுக்கு அப்போது எட்டு மாதம். தென்காசியில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சாயங்காலங்களில் டென்னிகாய்ட் விளையாடுவோம். (எங்களுக்கு அது வெறும் 'ரிங்'. வலைக்கு மேலே வரும் ரப்பர் வளையத்தை ஒரே கையால் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும்.) சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஆலங்குளம் பெண்களோடு ஒரு போட்டி ஏற்பாடாயிற்று. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடியவள் என்று என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.

அத்தை, அதாவது என் மாமியார், மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"போயிட்டு வா. ஆனா கால் பிசகுச்சுன்னு வந்து நின்னே, அன்னைக்கோட ரிங்கு பரணுக்குப் போயிரும். கைப்பிள்ளைக்காரி, பாத்துக்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு முழங்காலில் 'டொக்' என்று ஒரு சத்தம் வேறு. எனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் காதை முழங்காலருகே வைத்துப் பார்த்துவிட்டு, அது அடுக்களைக் கதவு என்றார்.

டிரில் பீரியடில் படித்ததையெல்லாம் நினைவுபடுத்தி ஒரு நோட்டில் எழுதினேன். முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். எதிராளி எறியும்போது குதிகாலை ஊன்றி நிற்கக் கூடாது. நீட்டி ஓர் எட்டு வைப்பதைவிடக் குட்டியாக மூன்று எட்டு மேல். வளையம் தலைக்கு மேலே போனால் அப்படியே பின்னால் நடக்கக் கூடாது, உடம்பைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். இந்தக் கடைசி விதிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். நோட்டில் எழுதியது காலுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கவலை பிடித்தது.

ஆகவே போட்டியன்று காலை, வாசல் தெளித்ததும் கோலத்துக்குப் பதிலாகப் பாதங்களைப் பதித்தேன். நிலைப்படியை என் இடமாகவும் தெருவோரம் தண்ணீர் ஓடும் வாறுகாலை வலையாகவும் வைத்துக்கொண்டேன். எனக்குப் பாதம் போடத் தெரிந்த வழி ஒன்றுதான்: கோகுலாஷ்டமிக்குச் செய்வதுபோல் முஷ்டியை மாவில் தோய்த்து ஊன்றி, மேலே ஐந்து விரலுக்கும் புள்ளி வைப்பது. பொடியில் போட்டால் அழிந்துவிடுமே என்று பச்சரிசியை அரைத்துக் கெட்டியாகக் கரைத்திருந்தேன். (புத்திசாலித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?) அன்று பார்த்து எங்கள் தெருவில் சாரல் இல்லை. மாவு சுள்ளென்று காய்ந்து தரையோடு ஒட்டிக்கொண்டது. அதன்மேல் நான்கு தடவை ஆடிப் பார்த்துவிட்டு, உலகுவுக்குப் பால் கொடுக்க உள்ளே போனேன்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு மதினியின் குரல் கேட்டது.

"பெரியம்மா, இங்கன வந்து பாருங்க. ஆடி வெள்ளியும் அதுவுமா ஒங்க வீட்டு மகாலச்சுமி வெளிய போயிருக்கா."

ஓடிப்போய்ப் பார்த்தேன். குட்டிக் குட்டிப் பாதங்கள் எங்கள் நிலைப்படியில் தொடங்கி, வரிசையாகத் தெருவைப் பார்த்துப் போயிருந்தன. ஆட்டம் என்றால் வலையைப் பார்த்துத்தானே நிற்க வேண்டும்? அன்று ஆடி வெள்ளி என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் தெரியவில்லை.

ரெண்டு பாதம் மட்டும் பக்கவாட்டில் போகிறதே, அது யார் என்று மதினி கேட்டாள். அது நான் பக்கவாட்டில் வளையம் பிடிக்கப் போகிற இடம்.

அத்தை வாசலுக்கு வந்தார். உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. போன பாதம் எத்தனையோ அத்தனை பாதம் உள்ளே வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று மதினி வழி சொன்னாள். உடனே அத்தை மிச்ச மாவை எடுத்துக்கொண்டு, தெருவோரத்தில் குனிந்து, வீட்டுக்குள் வரும் பாதங்களைப் பதிக்க ஆரம்பித்தார். பதித்ததை மிதித்துவிடாமலிருக்க ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எட்டுப் பின்வாங்கினார்.

பின்னால் நடை. நீட்டி எட்டு. குதிகாலில் ஊன்றல். என் நோட்டிலிருந்த விதிகள் ஒவ்வொன்றாக மீறப்படுவதை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அத்தைக்குப் பின்னால் படி இருந்தது. சொல்லலாமா? மாமியாருக்கு நடக்கச் சொல்லிக் கொடுப்பதா? காலையில் செய்தது போதாதா? மதினி என்ன நினைப்பாள்? மெதுவாகச் சொன்னால் மரியாதையாக இருக்குமோ? "அத்தை..." என்று நான் ஆரம்பித்தபோது அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார்.

கணுக்கால் பணியாரம்போல் உப்பிவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றினேன். நான் வரவில்லையென்று சொல்லியனுப்பப் பார்த்தேன். அத்தை விடவில்லை. பேர் கொடுத்துவிட்டுப் போகாமலிருந்தால் ஊர் பேசுமாம். தானும் வண்டியில் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வாராம்.

குதிரை வண்டியில் போகும்போது மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாதங்கள் எதற்கென்று சொன்னேன். நோட்டையும் முதல் விதியிலிருந்து கடைசி விதிவரை ஒப்பித்தேன்.

"பின்னால போனா விழுவோம்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுதான் பாத்துக்கிட்டு நின்னியா?"

அத்தை உலகுவை என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மைதானம் சாரலில் நனைந்து வழுக்கியது. நான் குட்டிக் குட்டி எட்டாக வைத்து ஆடினேன். வளையம் எங்கே விழுந்தாலும் அங்கே இருந்தேன். முதல் ஆட்டம் எங்களுக்கு. அத்தை மைதானத்தோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, மடியில் உலகுவோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஆட்டத்தில் ஆலங்குளத்துப் பெண் ஒருத்தி, அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் பின்னால் போனாள்.

"ஏட்டி, பின்னால போவாத. திரும்பிப் போ. இங்கன என் காலப் பாரு."

அத்தைதான். அவள் திரும்பினாள், பிடித்தாள், எறிந்தாள். எங்களுக்கு ஒரு புள்ளி போயிற்று. அப்புறம் முழங்காலை மடக்கச் சொன்னார். குதிகாலைத் தூக்கச் சொன்னார். வண்டியில் ஒரே தடவை கேட்ட நோட்டை எதிர்க்கட்சிக்கு முழுசாக ஒப்பித்தார். மிச்ச இரண்டு ஆட்டமும் அவர்களுக்குப் போயின. ஜெயித்த ஆலங்குளத்துப் பெண்கள் நேரே வண்டிக்கு வந்து அத்தையைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாருக்கும் ஒரு சுளுக்குக்கூட இல்லை.

திரும்பும்போது, ரிங் பரணுக்குப் போகுமா என்று கேட்கப் பயந்து நான் வளையத்தை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். அத்தையே, உன் கால் நன்றாகத்தானே இருக்கிறது, நாளைக்கும் போ என்றார்.

உலகு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் இன்னும் ஆடுகிறேன், கால் இதுவரை பிசகவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை என்னைக் காட்டிச் சொல்வது ஒன்றுதான்:

"எம் மருமவ. நல்லாப் படிச்சவ, எல்லாம் தெரியும். நாம விழுந்த பொறவுதான் சொல்லுவா."