மாப்பிள்ளை வெளிச்சம்

வருங்காலத்தைப் பற்றிப் பேச உலகத்திலேயே மோசமான இடம் மாமனார் வீடு. அங்கே எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார்கள். கேட்டதோடு விட்டால் பரவாயில்லை, அதை நம்பிச் சுவரையே கட்டிவிடுவார்கள்.

எனக்குக் கல்யாணமான புதிது. நான் பொள்ளாச்சிக்காரன். மாமனார் மலையாளச் சீமைச் சித்தூருக்குக் கிழக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் பண்ணையம் பார்த்தவர். கோயமுத்தூரில் ஒரு சாயங்காலம் கரண்டு விளக்கைப் பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அதை வைத்துக்கொண்டு, அவர் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து அளந்து தள்ளுவேன்.

“இனிமேல் கெணத்துல தண்ணி எறைக்க மாடு வேண்டாமுங்க மாமா. வண்டிக்கும் வேண்டாம். எல்லாம் கரண்டுங்க!”

“அப்ப மாடெல்லாம் என்னங்க பண்ணும், மாப்ள?” என்று கேட்டார் மாமனார். (அது கிண்டல் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.)

அந்த வாரம் சாலையோரம் ஆட்கள் கம்பம் நட்டார்கள். என்ன வருகிறது என்று மலையாளி மேஸ்திரியைக் கேட்டேன்.

“கம்பி. அடுத்த மாசம் இவிடெ கம்பியாபீஸ் துறக்கும்,” என்றார்.

போதாதா! கம்பி வருகிறது, ஆபீஸும் திறக்கிறார்கள், கரண்டு இல்லாமல் வேறென்ன! (ரயில் பாதையோரம் அதே கம்பங்களை எத்தனையோ தடவை பார்த்தவன்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.) ஓடி வந்து, “மாமா, அடுத்த மாசம் ஊருக்குக் கரண்டுங்க!” என்றேன். விளக்கு வைக்கக் கொத்தனார் சுவரில் விட்டிருந்த மாடங்களைக் காட்டி, “இந்தப் பொந்தெல்லாம் எதுக்குங்க? அடைச்சுப் பூசிருங்க,” என்று உத்தரவே போட்டேன்.

என் மனைவி வள்ளியாத்தாள் தனியே கூப்பிட்டாள். “ஏனுங்க, நெசந்தானுங்களா? எங்கப்பா ஊடு கட்டறது ஆயுசுக்கு ஒருக்கா. உங்க பேச்சு பொய்யாப் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு இந்த ஊட்டுக்குள்ள வருவேன்?”

“கம்பத்தையே கண்ணால பாத்தேன், புள்ள!”

மாடங்களை அடைத்துவிட்டார்கள். நான் கோயமுத்தூர் போய் ஒரு பல்பு வாங்கி வந்து, கூடத்து விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். (கயிறுதான். கரண்டு பார்த்து ஏறிக்கொள்ளும் என்று நினைப்பு.)

புதுமனை புகும் நாளும் வந்தது. கரண்டு மட்டும் வரவில்லை. சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். ஏற்றிய விளக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் பெண்கள் சுவர் சுவராகத் தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போது வாசலில் தபால்காரர் குரல் கேட்டது.

“கம்பி! கம்பி வந்நு!”

எனக்கு உயிர் வந்தது. “கம்பி வந்திருச்சுங்க! எல்லா வெளக்கையும் அணைச்சிருங்க!” என்று கத்தினேன்.

விளக்கைக் ‘குளிர வை’ என்பார்களே தவிர, ‘அணை’ என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அதுகூடச் சின்னத் தப்புதான், பெரிய தப்பு வேறு. மலையாளத்தில் கம்பி என்றால் தந்தி. அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவு. மாமியார் கையிலிருந்த விளக்கைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ, ஆரு போயிட்டாங்க!”

பெண்கள் ஒப்பாரியே எடுத்துவிட்டார்கள். நான் ஒருவன் மட்டும் பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

இங்கிலீஷ் தெரிந்தவன் என்று தந்தியை என்னிடமே நீட்டினார்கள். என் அப்பா அனுப்பியது. காய்ச்சல், வர முடியவில்லை, புது வீட்டுக்கு வாழ்த்து. படித்தேன். அழுகை நின்றது. எல்லார் கண்ணும் பல்புக்குப் போய், கயிற்றைப் பார்த்துவிட்டு, என்மேல் வந்து நின்றது. வள்ளியாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பதறிப்போனேன். கிட்டே போனால், பாவி, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்!

மாமனார் என் தோளைப் பிடித்துக் கூடத்து நடுவில் உட்கார வைத்தார். “உக்காருங்க மாப்ள. மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்குதே, ஊட்டுக்கு இந்த வெளிச்சமே போதுமுங்க.”

கரண்டு நிஜமாகவே வந்தபோது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. எரிகிற பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பரவால்லீங்க. ஆனா மாப்ள அளவுக்கு இல்லை,” என்றார்.

அந்த வீட்டில் இன்றைக்கும் மாடம் கிடையாது. நாங்கள் அங்கே போயிருக்கும்போது கரண்டு போனால் வள்ளியாத்தாள் விளக்கைத் தேடுவதே இல்லை.

“ஏனுங்க, கொஞ்சம் கூடத்துல வந்து நில்லுங்க. இருட்டா இருக்குது.”