மாப்பிள்ளை அனுப்பிய சத்துப் பெட்டி

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். கீழ்வீட்டுத் தையற்காரர் எங்கள் இருவரையும்விட நலம்; அதற்குக் காரணம் நீங்கள்தான், விவரம் பின்னால் வருகிறது. அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், யாருக்கும் ஒன்றுமில்லை.

உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அதை முதல் வரியிலேயே சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்தவனுக்கு எதையும் உள்ளே வந்த வரிசையில்தான் வெளியே எடுக்க வரும். பொறுத்துக்கொள்ளவும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்தெட்டு, சாப்பாட்டையும் நடையையும் மூன்று மாதம் திருத்திப் பாருங்கள், இறங்காவிட்டால் மாத்திரைதான் என்று சொன்னது என் மகள் மூலமாக உங்கள் காதுக்கு வந்து, பத்தாவது நாள் உங்கள் கம்பெனிப் பெட்டி எங்கள் வீட்டில் வந்து இறங்கியது அல்லவா? மீன் எண்ணெய் காப்ஸ்யூல், மஞ்சள் சத்து மாத்திரை, கொழுப்புக்கு அணை போடும் தாவரச் சத்து, உங்கள் அத்தையின் எலும்புக்குக் கால்சியம், பேர் வாயில் நுழையாத இன்னும் ஐந்து வகை மாத்திரை, நார்ச்சத்துப் பொடி, வயிற்றுக்கு நல்லது செய்யும் கிருமிகள் அடங்கிய தொண்ணூறு பாக்கெட். எதை எப்போது எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நீங்களே கைப்பட ஒரு பட்டியல் எழுதியிருந்தீர்கள். அதில் முதல் வரி, ‘இவை மருந்து அல்ல. நடை, தூக்கம், காய்கறி முதலில். இவையெல்லாம் அதற்குத் துணை மட்டும்.’ நடையும் தூக்கமும் பெட்டியில் வராத சரக்கு என்பதால் அந்த வரியை மட்டும் நான் பதிவேட்டில் ஏற்றவில்லை.

மற்றதை எல்லாம் அன்று மாலையே ஏற்றிவிட்டேன். சரக்கு என்று ஒன்று கைக்கு வந்தால் அதை அட்டைப்பெட்டியோடு கிடக்கவிட எனக்கு மனசு வராது. நிறம் வாரியாக, அளவு வாரியாகப் பிரித்துப் பதினொரு டப்பாவில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் ஒட்டினேன். “பேரை எழுதுங்களேன், எண்ணை வச்சு நான் என்ன பண்றது?” என்று உங்கள் அத்தை கேட்டாள். பேர் எழுதி வைத்தால் கண்டவனும் எடுத்துக்கொண்டு போவான், எண் என்றால் ஸ்டோர்கீப்பருக்கு மட்டும்தான் தெரியும் என்று விளக்கினேன். காலி அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். எந்த எண் எந்தச் சத்து என்ற குறிப்பை உங்கள் பட்டியலோடு சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை மறுநாள் வாஷிங் மெஷினுக்குப் போனது. பட்டியல் ஒருவழியாகப் பிழைத்தது, குறிப்பு கூழாகிவிட்டது. அதிலிருந்து நாலாம் எண் டப்பா அவள் எலும்புக்கா என் கொழுப்புக்கா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். “வேணாங்க. இருக்கிறது போதாதுன்னு உங்க கொழுப்பு வேற எனக்கு வந்து சேரணுமா?” என்று உள்ளே போய்விட்டாள். சந்தேகத்துக்கு இடமான சரக்கை விநியோகிக்கக் கூடாது என்பது டிப்போ விதி. ஆகவே ஒன்பது டப்பாவை ஓரம் கட்டினேன்.

பார்த்தாலே தெரிகிற சரக்கு என்று மிஞ்சியது பொடியும் பாக்கெட்டும். பொடியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கச் சொல்லியிருந்தீர்கள். நான் கலக்கினேன். ஆனால் இருப்பிலிருந்து ஒரு கரண்டி வெளியே போனால் முதலில் பதிவு, பிறகுதான் உபயோகம். தேதி, நேரம், அளவு, மீதி, வாங்குபவர் கையெழுத்து, கொடுப்பவர் கையெழுத்து, இரண்டும் நானே போட்டு நிமிர்ந்து பார்த்தால், டம்ளருக்குள் கரண்டி பிடிக்க ஆளில்லாமல் நட்டுக்கொண்டு நிற்கிறது. கவிழ்த்தேன், விழவில்லை. ஒரு வாரம் இதே கதை. “பேசாம குடிச்சிட்டு எழுதக் கூடாதா?” என்று உங்கள் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். குடித்துவிட்டு எழுதுவதற்குப் பெயர் என்ன தெரியுமா மாப்பிள்ளை? கையாடல்.

அந்த ஒரு வாரமும், பொடிக் கணக்கு முதலில் நேராகட்டும் என்று, பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் எங்கள் ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தேன். எட்டாம் நாள் உங்கள் அத்தை திடீரென்று, “உயிரோட இருக்கிற கிருமிங்க பால் பக்கத்துல இருக்க வேணாம், நாளைக்கு அதுங்க குட்டி போட்டா யாரு பாக்கிறது?” என்று அத்தனையையும் ஒரு பையில் போட்டு வெளியே வைத்துவிட்டாள். குளிர்ச்சி இல்லாவிட்டால் அவை செத்துப்போகும் என்று நீங்கள் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறீர்கள். வேறு வழியில்லாமல் தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் தையற்காரரின் ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைத்தேன். நாங்கள் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அறுபத்துநாலு படி.

மறுநாள் காலை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது! இருப்பு சரியாகும் வரை விநியோகம் நிறுத்தம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அடுத்த நாள் இன்னொன்று. திருட்டு எந்த வேளையில் நடக்கிறது என்று பிடித்துவிட வேண்டும் என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் இறங்கிப் போய் எண்ண ஆரம்பித்தேன். பையின் வாயை நூலால் இறுக்கி என் டிப்போ முடிச்சைப் போட்டுவிட்டு வந்தேன். நூலை நம்பித் தையற்காரரிடம் மோதியது என் புத்தி. முடிச்சு அச்சு அசலாக அப்படியே இருந்தது, உள்ளே ஒன்று குறைந்தது. நேராகவே கேட்டேன். “எனக்கு என்ன சார் தெரியும், நானும் என் மெஷினும் உண்டுன்னு இருக்கேன்” என்றார். ஆனால் பத்து வருஷமாக வயிறு உப்புசம், ஏப்பம் என்று சோடா பாட்டிலும் கையுமாக இருந்த மனுஷன், மூன்றாம் வாரத்திலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே தைக்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இரண்டு மாதத்துக்கு மேல் நான் விடவில்லை. ஏறி இறங்கி மூச்சு வாங்கியதில் மாலையில் எண்ணெய்ப் பலகாரம் தொண்டைக்குள் இறங்கவில்லை. படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். நேற்றோடு மீதி பதினாலு பாக்கெட். அதில் நான் குடித்தது பூஜ்யம்.

நேற்று பரிசோதனைத் தாள் வந்தது. நூற்று முப்பது! எடையில் ஐந்து கிலோ குறைவு. “நல்லா நடக்கிறீங்க போலிருக்கே?” என்று டாக்டர் கேட்டார். நடக்கவில்லை, சரக்கு பார்க்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் உங்கள் அத்தை போன் போட்டு மகளிடம் சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுத்தாள். “அப்பா, அவர் அனுப்பினதெல்லாம் தவறாம சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். “இப்பவாவது அவரை ஒத்துக்கறீங்களாப்பா?” என்றாள். ஒத்துக்கறேன்மா என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டாவதாகச் சொன்னது நிஜம் மாப்பிள்ளை. முதலில் சொன்னது பொய். உங்கள் பெட்டியிலிருந்து ஒரு குன்றிமணி அளவுகூட என் வயிற்றுக்குள் போகவில்லை. பொய்யான பெருமையை உங்கள் தலையில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அவளிடம் மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று, கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும், “பொடி விக்கிறவனுக்கா என் பொண்ணு?” என்று கேட்டேன். கையிலிருந்த டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்து, மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவீர்கள். பால்கனியிலிருந்து உங்கள் ஹெல்மெட்டை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நின்றிருப்பீர்கள், நான் கொடுக்கவில்லை. தன்னை அவமானப்படுத்தியவனுடைய ரத்தத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டு, கண் தெரியாதே என்று பெரிய எழுத்தில் ஒரு மனுஷன் பட்டியல் எழுதி அனுப்புவானா? நீங்கள் அனுப்பினீர்கள். நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் இருவரும் பசித்துச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கி, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுப் பல்லாண்டு வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் அத்தையிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “இதெல்லாம் மாப்பிள்ளைக்கு நான் வாராவாரம் போன்ல சொல்லிட்டுதாங்க இருக்கேன்” என்கிறாள். முதல் வாரமே நீங்கள், “மாமா ஒண்ணும் சாப்பிட மாட்டார் அத்தை. ஆனா கணக்கு உதைச்சா எத்தனை படி வேணும்னாலும் ஏறி இறங்குவார்” என்றீர்களாமே? கிருமிக்குப் பயந்ததும் நடிப்பாம். தினம் ஒரு பாக்கெட் எடுத்துக் குடிக்கச் சொல்லித் தையற்காரருக்கு உத்தரவு போட்டதும் நீங்களாம். இது என் மகளுக்கும் தெரியுமாம்! ஆக, என் உண்மை உங்களுக்குப் பழைய செய்தி, நீங்கள் அனுப்பியது அந்தப் படிகளைத்தான் என்றால் என் பொய்யும் பொய் இல்லை, என் கொழுப்பை இறக்கியது நீங்களேதான். எனவே மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்துகொள்ளவும். மன்னிப்புக் கேட்டது மட்டும் ரத்து இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தெருமுனையோடு திரும்பிவிடாதீர்கள். நான் கீழே வந்து வாசலில் நிற்கிறேன். சேர்ந்தே மேலே ஏறுவோம்.