வெச்ச முட்டை

கூப்பிடாத ஊட்டுக்கு இந்த மருதாசலம் போகமாட்டான். சும்மா வாய்ப்பேச்சு இல்லீங்க. எங்கண்ணன் சென்னியப்பன் மக அபிநயா கல்யாணத்தப்ப எடுத்த முடிவு. பத்திரிக்கையைத் தட்டுல வெச்சு, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு, நேர்ல வந்து கூப்பிடறதுதானே மொறை? எங்கண்ணன் என்ன பண்ணுனான்? வாட்ஸப்புல அனுப்புனான். அதுவும் எனக்குத் தனியா இல்லை, ஊர்க் குரூப்புல. அதுக்குக் கீழயே எவனோ ஒருத்தன் 'யூரியா வந்திருக்குது'ன்னு போட்டிருந்தான். கல்யாணமும் யூரியாவும் ஒண்ணாங்க? நான் போகலை. அன்னையில இருந்து ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு இல்லை. நடுவுல ஒரு கம்பி வேலி. அந்தப் பக்கம் அவன் ஊடும் தோட்டமும், இந்தப் பக்கம் என்ற ஊடும் கோழிப்பண்ணையும்.

இப்ப அந்த அண்ணனுக்கு ஈரல் கெட்டுப் போச்சு. குடிச்சதில்லை, சீட்டாடுனதில்லை. அவன் வாழ்க்கையில கெட்டதுன்னு ஒண்ணு இருந்தா அது இந்த ஈரல்தான். சேலத்துல பெரிய ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்துட்டு, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அவரு கேக்கறதைக் குடுங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்க. டாக்டருங்க அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

"ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாங்க," அப்படின்னா என் பொண்டாட்டி கண்ணாத்தாள்.

"கூப்பிட்டா போறேன்."

"சாகக் கெடக்கற மனுசன் தட்டு தூக்கிட்டு வந்து கூப்பிடுவாருங்களா?"

"தட்டெல்லாம் வேண்டாம். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை. மருதாசலம், வாடான்னு. நான் கேக்கறது அவ்வளவுதான்."

கண்ணாத்தாள் முந்தானையை ஒதறிச் சொருகுனா. அப்புறம் ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டா. அவ பேசாம போனா நான் ஜெயிச்சுட்டேன்னு கணக்கு. கல்யாணம் ஆனதுல இருந்து நான் ஜெயிச்சுட்டேதான் இருக்கறேன்.

அந்த ஐப்பசியில முட்டை ரேட்டு உழுந்துச்சு. எங்கியோ பறவைக் காய்ச்சல்னு டிவியில சொன்னாலும் சொன்னாங்க, ஊரு உலகத்துல ஒருத்தனும் முட்டையைத் தொடலை. லாரி வர்றதில்லை. ஷெட்டுக்குள்ள அட்டை மேல அட்டையா முட்டை குமிஞ்சு கெடக்குது. கோழிக்கு டிவி பாக்கத் தெரியுதுங்களா? அது பாட்டுக்குப் போட்டுட்டே இருக்குது. நான் என்ன பண்ணுவேன்? வாசல்ல கட்டிலைப் போட்டு செல்லு பாத்தேன்.

செல்லுக்குள்ள எத்தனை சாப்பாடு இருக்குதுங்கறீங்க. நாமதான் ராகிக்களியும் பருப்பும் தின்னுட்டே செத்துப் போறோம். இத்தாலிக்காரன் தீவு ஒண்ணுல புழு நெளியற பாலாடைக்கட்டி திங்கறாங்க. புழு உசுரோட இருந்தாத்தான் நல்ல சரக்கு, செத்துப் போச்சுன்னா கெட்டுப் போச்சுன்னு அர்த்தமாம். ஐஸ்லாந்துல சுறாமீனை மண்ணுல பொதச்சு, அழுக வெச்சு, தோண்டி எடுத்துக் காயப் போட்டுத் திங்கறாங்க. ஸ்வீடன்காரன் மீனைப் புளிக்க வெச்சு டப்பாவுல அடைக்கறான், டப்பா வயிறு ஊதுனாத்தான் அதுக்கு மரியாதை. பிலிப்பைன்ஸ்ல முட்டைக்குள்ள குஞ்சு உருவானதுக்கப்புறம் அவிச்சு, உறிஞ்சித் திங்கறாங்க. நாமக்கல்லுல அப்படி ஒரு முட்டை சிக்குச்சுன்னா கடைக்காரன் அட்டையோட நம்ம மூஞ்சியில அடிப்பான்.

அதுக்கப்புறந்தான் சீனாக்காரன் வந்தான். சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, களிமண்ணு, தேயிலைத் தண்ணி எல்லாத்தையும் கொழைச்சு முட்டை மேல அப்பறான். உமியில உருட்டறான். பொதச்சு வெச்சு மறந்தர்றான். ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா வெள்ளைக்கரு கறுத்து, கண்ணாடியாட்டம் மின்னுது. மஞ்சக்கரு பாசி நெறம். நாத்தம்? நம்ம ஷெட்டுல வர்ற அதே நாத்தம். இத்தனை வருசமா அந்த நாத்தத்துக்குள்ளயே குடியிருக்கறோம், இதைத் திங்கலாம்னு நம்மகிட்ட எவனும் சொல்லலை பாருங்க.

"கண்ணாத்தா, இனிமேட்டு நம்ம முட்டை கெட்டுப் போகாது."

"எப்படிங்க?"

"நாமளே கெடுத்தர்றோம்."

செல்லைக் காட்டுனேன். அவ கண்ணைச் சுருக்கிப் பாத்தா.

"இது நாறுமுங்களா?"

"நாறும். நாறுனாத்தான் ஏற்றுமதி."

"கூமுட்டையை ஏற்றுமதி பண்றதுன்னா மொதல்ல உங்களைத்தான் கப்பல் ஏத்தோணும்."

"நீ வேண்டாம்னாலும் நான் பண்ணத்தான் போறேன்."

"வேண்டாங்கலீங்க." இது ரெண்டு நாள் கழிச்சு அவளே வந்து சொன்னது. "பண்றதுதான் பண்றீங்க, ஊட்டுக்கிட்ட வேண்டாம். வேலியோரமாப் பொதைங்க. ஒவ்வொண்ணையும் துணியில முடிஞ்சு வெச்சா எடுக்கறதுக்கு லேசா இருக்கும். பீரோ நெறைய ரவிக்கைத் துணி கெடக்குது."

விசேசத்துக்குப் போற எடத்துல எல்லாம் மடியில வெச்சுக் குடுத்த துணி. அத்தனையும் சிவப்பு. அவளே உக்காந்து கிழிச்சா. அவளே மஞ்சக் கயித்துல முடிச்சுப் போட்டா. புருசன் தொழிலுக்கு இப்படி ஒத்தாசை பண்ற பொண்டாட்டி நம்ம ஜில்லாவுலயே கெடையாதுன்னு நெனைச்சு எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

வேலி நீளத்துக்கும் குழி வெட்டிப் பொதச்சேன். கார்த்திகை பாதியில ஒரு நாள் காலையில எங்கண்ணன் பொண்டாட்டி குஞ்சம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்னாங்க. எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டியை நங்கைன்னுதான் கூப்பிடுவோம். அபிநயா கல்யாணத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுனாங்க. அவங்க நாய் தோண்டிப் போட்டிருக்குது. கையில ஒரு மொறம், மொறத்துல சிவப்புத் துணி, துணிக்குள்ள ஒடைஞ்ச முட்டை. பாதி கறுத்திருந்துச்சு. சரக்கு பதமாகிட்டு வருதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்.

"இதை வெச்சது நீதானா?"

"நாந்தானுங்க நங்கை."

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுங்களா? வேலி பூராவும் வெச்சிருக்கறனுங்க."

"எதுக்கு வெச்சே?"

"பொழைக்கோணுமில்லீங்களா?"

"எப்ப முடியும்?"

"தை பொறந்தா முடிஞ்சுருமுங்க. உள்ள இருக்கறது பூரா கறுத்துப் போயிரும். அதுக்கப்புறம் எடுத்தர்லாம்."

நங்கை கம்பியைப் புடிச்சுக்கிட்டு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாங்க. எங்கண்ணன் தை தாண்டமாட்டான்னு டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு எங்கீங்க தெரியும்?

மத்தியானத்துக்குள்ள ஊரே பேசுச்சு. மருதாசலம் சொந்த அண்ணனுக்கே செய்வினை வெச்சுட்டானாம், அவன் வாயாலயே ஒத்துக்கிட்டானாம். முட்டை பொறுக்க வர்ற பெருமாயி, "எனக்குப் புள்ளைகுட்டி இருக்குதுங்க சாமி"ன்னு கூடையை வெச்சுட்டுப் போனவதான், திரும்பி வரலை. டீக்கடையில நான் உக்காந்த பெஞ்சுல ஆளில்லை. சும்மா குடுத்தாலும் என் முட்டையை வாங்க நாதியில்லை.

"இது சீனாக்காரன் திங்கற முட்டைன்னு எடுத்துச் சொல்லேன் புள்ள."

"சொன்னனுங்க. அதுதான் தப்பாப் போச்சு. நம்மூரு மந்திரம்னா எடுக்க ஆளிருக்குது, சீன மந்திரத்தை யாரு எடுக்கறதுன்னு கேக்கறாங்க."

"கோயில்ல கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்றேன்."

"வெச்சவன் பண்ற சத்தியத்தை யாருங்க நம்புவா? பூசாரியைக் கேட்டனுங்க. வெச்சவனே எடுத்துத் தின்னாத்தான் பலிக்காதாம்."

"பூ, இவ்வளவுதானா. கொண்டா, இங்கியே திங்கறேன்."

"இங்க இல்லீங்க. உங்கண்ணன் கண்ணு முன்னால."

"கூப்பிடாத ஊட்டுக்கு நான் எப்படிப் போறது?"

"போகாதீங்க. நாளைக்கு அவரு கண்ணை மூடுனா தம்பிதான் கொன்னான்னு ஊரு சொல்லும். உங்களுக்குக் கொள்ளி வெக்கற வரைக்கும் சொல்லும். பரவால்லீங்களா?"

வேட்டியை மாத்துனேன். நான் அவனைப் பாக்கப் போகலை, முட்டை திங்கப் போறேன்னு போற வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

கட்டில்ல கெடந்தது எங்கண்ணன்னே எனக்கு மொதல்ல தெரியலீங்க. ரெண்டு மூட்டையை ஒரே தூக்கா லாரியில ஏத்துன ஆளு. கையும் காலும் வத்திப் போயி, வயிறு மட்டும் வீங்கிக் கெடந்துச்சு. கண்ணு ரெண்டும் மஞ்ச. வேலிக்கு இந்தாண்ட இருந்து நான் மொறைச்சுட்டிருந்தது இவனையான்னு நெனைச்சேன்.

"வாடா," அப்படின்னான். வந்ததுக்கப்புறம் சொல்ற 'வா' கூப்பிட்ட கணக்குல சேராது. இருந்தாலும் உக்காந்தேன்.

"சத்தியமா உனக்கு நான் ஒண்ணும் வெக்கலண்ணா."

"தெரியும்டா. அதுக்கெல்லாம் சாமர்த்தியம் வேணும். தின்னு."

ஓட்டை உரிச்சு வாயில போட்டேன். மொதல்ல உப்பு. அப்புறம் சுண்ணாம்பு. அப்புறம் எங்க ஷெட்டு. மஞ்சக்கரு நாக்குல அப்பிக்கிட்டு உள்ளயும் போகலை, வெளியவும் வரலை. தண்ணி தண்ணியா ஊத்துச்சு கண்ணுல. நான் அழுதேன். முட்டையாலன்னு அவங்க நெனைச்சுக்கட்டும்னு நல்லாவே அழுதேன்.

"எப்படிடா இருக்குது?"

"சீனாக்காரன் பாவம்ண்ணா."

அவன் சிரிச்சான். சிரிச்சா வயிறு நோவுது, வயித்தைப் புடிச்சுக்கிட்டே சிரிச்சான். நங்கை முந்தானையில மூஞ்சியைப் பொத்திக்கிட்டு சமையக்கட்டுக்குள்ள போயிட்டாங்க.

"எனக்கொரு துணுக்கு குடு."

"உனக்கு ஆகாதுண்ணா."

"இனி எனக்கு எது ஆகி என்னடா ஆகப் போகுது?"

நகத்தளவு கிள்ளிக் குடுத்தேன். நாக்குல வெச்சவன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான்.

"இதுக்கு நீ செய்வினையே வெச்சிருக்கலாம்டா," அப்படின்னான்.

ஊட்டுக்கு வந்து வாயைக் கழுவுனா கண்ணாத்தாள் சொல்றா, "ஒண்ணு தின்னா போதாதாமுங்க. வெச்சது அத்தனையும், நாளுக்கு ஒண்ணா, அங்க உக்காந்துதான் திங்கோணுமாம்."

"எந்தப் பூசாரி இவன்? எனக்கும் ஈரல் போறதுக்கா?"

"செய்வினை வெச்சா சும்மாங்களா?"

போனேன். தினமும் போனேன். ஒரு முட்டையைத் தின்னுட்டு, செல்லை எடுத்து அவனுக்குக் காட்டுவேன். கஞ்சித்தண்ணி கூட எறங்காத மனுசன், நான் போனதும், "இன்னைக்கு எந்த ஊரு?"ன்னு கேப்பான். ஒரு நாள் இத்தாலிப் புழு. ஒரு நாள் ஸ்வீடன் மீன். மெக்சிகோவுல எறும்பு முட்டையை நெய்யாட்டம் ரொட்டியில வெச்சுத் திங்கறாங்கன்னேன், "அதைப் பொறுக்கறவனுக்குக் கூலி யாரு குடுக்கறது?"ன்னு விசாரிச்சான். கல்யாணத்தைப் பத்தி நானும் பேசலை, அவனும் பேசலை. எப்படியும் தை தாண்டிருவான்னு எனக்கு ஒரு நெனைப்பு வந்திருச்சு. முட்டை நெறைய மிச்சம் இருந்துச்சுங்களே.

மார்கழிக் கடைசியில போயிட்டான். நான் பக்கத்துலதான் இருந்தேன். பெரு நாட்டுல பெருச்சாளி தண்டிக்கு ஒரு பிராணியை வளத்து, முழுசா வாட்டித் திங்கறதைச் சொல்லிட்டிருந்தேன். "தோலோடயா?" அப்படின்னான். ஆமாண்ணான்னு சொன்னேன். அதுக்கு மேல கேக்கலை. நான் பாட்டுக்கு இன்னும் ரெண்டு நாட்டைச் சொல்லிட்டிருந்தேன். நங்கை வந்து என் தோளைத் தொட்டாங்க.

கருமாதி அன்னைக்குப் பூசாரி வந்திருந்தாரு. ஓரமாக் கூப்பிட்டுக் கையைப் புடிச்சுக்கிட்டேன்.

"நல்லா இருப்பீங்க. நீங்க சொன்னதாலதான் கடைசி வரைக்கும் அவன் கூட இருந்தேன்."

"நான் என்னத்தைச் சொன்னேன் சாமி?"

"முட்டைங்க. வெச்சவனே திங்கோணும்னு."

"மூட்டு வலியோட மூணு மாசமா வாழப்பாடியில மக ஊட்டுலயில்ல கெடந்தேன்? இன்னைக்குக் காலையிலதான் பஸ்ஸு ஏறி வாரேன்."

நேரா ஊட்டுக்குப் போனேன். கண்ணாத்தாள் கெணத்தடியில பாத்திரம் கழுவிட்டிருந்தா.

"பூசாரி ஒண்ணுமே சொல்லலையாமா."

"ஆமாங்க. சொல்லலை."

"அப்ப யாரு சொன்னது?"

"உங்கண்ணன்." அவ பாத்திரத்துல இருந்து கண்ணை எடுக்கலை. "நீங்க செல்லைக் காட்டி முட்டை பொதைக்கப் போறேன்னதைச் சொன்னேன். எந்தம்பி கிறுக்குத்தனம் பண்ணுனாத்தான் சொன்ன எடத்துக்கு வருவான், வேலியோரமாப் பொதைக்கச் சொல்லு கண்ணாத்தான்னாரு. சிவப்புத் துணி நான் சேத்துனது. நங்கை வந்து என்ன கேக்கோணும்கறது நாங்க மூணு பேரும் பேசி வெச்சதுங்க. தை பொறந்தா முடிஞ்சுரும்னு நீங்க சொன்னதும் அவங்க நெசமாவே உக்காந்துட்டாங்க. அது மட்டும் நாங்க பேசி வெச்சது இல்லீங்க."

எனக்கு வந்ததே கோவம். ஊரு முன்னால நான் பட்ட அசிங்கம் என்ன, தின்ன சுண்ணாம்பு என்ன.

"இத்தனை நாடகம் எதுக்கு? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா மொத நாளே ஓடியிருப்பேனே. ஒரே ஒரு வார்த்தை கண்ணாத்தா."

அவ கையில இருந்த சொம்பைக் கீழ வெச்சா.

"கூப்பிட்டாருங்க. நீங்க கேட்டது அவ்வளவுதான்னு நான் போயிச் சொன்ன அன்னைக்கே கட்டிலை வேலியோரம் போடச் சொல்லி, தொண்டை கட்டிப் போற வரைக்கும் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. நீங்க காதுல வயரைச் சொருகிக்கிட்டு, எவனோ சிலந்தியை வறுத்துத் திங்கறதைப் பாத்துட்டு இருந்தீங்க."