நர்ஸம்மாவின் மூன்று முத்திரைகள்

நர்ஸம்மாவுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. ஊரே வாழ்த்தியது. முகம் சுண்டிப்போனது அவள் புருஷனுக்கு மட்டும்தான். அவர் வாட்ச் ரிப்பேர்க்காரர். கடை விட்டு வந்தால் சாய்வு நாற்காலி, சுடச்சுடக் காபி. அந்தச் சீமைக்குப் போனால் அவள் வேலைக்குப் போவாள்; கரண்டி இவர் கைக்கு வரும்.

போவதற்கு முன் அவள் சான்றிதழ்களில் நோட்டரி, கல்வித்துறை, வெளியுறவுத்துறை என்று மூன்று முத்திரை விழ வேண்டும் என்றார்கள். அவர் மூளை டிக் டிக் என்றது.

"நீ ஏன் அலையறே? குடு, நானே வாங்கிட்டு வர்றேன்."

மறுநாள் அவள் சான்றிதழ்களை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

உறை நேராகக் கடை இழுப்பறைக்குள் போய்ப் படுத்தது. நின்ற கடிகாரத்தை ஓட வைத்தே பிழைத்தவருக்கு, ஓடுகிற காரியத்தை நிறுத்தத் தெரியாதா?

"என்னங்க, முத்திரை என்னாச்சு?"

"அதிகாரி லீவு."

அடுத்த வாரம், "அதிகாரி வந்துட்டார். முத்திரைதான் ரிப்பேர்."

"நீங்களே பார்த்துக் குடுத்திருக்கலாமே?"

"அது என் லைன் இல்லம்மா."

அவள் கோபப்படவே இல்லை. 'பாவம், வெகுளி' என்று காபியை உறிஞ்சினார்.

ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் பெட்டி கட்டியிருந்தது.

"எங்க கிளம்பிட்டே?"

"வேலைக்குத்தான். நாளைக்கு ஃபிளைட்."

"சான்றிதழ்?"

கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஒவ்வொன்றிலும் மூன்று முத்திரை. "உங்ககிட்ட இருக்கிறது கலர் ஜெராக்ஸ்ங்க."

கண்ணில் லென்ஸ் மாட்டிப் பல்சக்கரம் பார்க்கிற மனுஷர்! உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து 'நானே செய்றேன்'னு நீங்க சொன்னதே இல்லையே. அன்னைக்குச் சொன்னதுமே உஷாராயிட்டேன்."

அவள் இல்லாத வீடு அப்போதுதான் அவர் கண்ணில் தெரிந்தது. "அப்போ நானு?"

"உங்களைக் கூட்டிட்டுப் போகணும்னா நம்ம கல்யாணச் சான்றிதழ்ல முத்திரை வேணும். அந்த உறையில அதை மட்டும் ஒரிஜினலாவே வச்சிருந்தேன், உங்க மனசு மாறுதான்னு பார்க்க. வாங்கிட்டீங்களா?"

அவர் கை கடைச் சாவியைத் தேடியது.

"பரவால்ல, மெதுவா வாங்குங்க. அதுவரைக்கும் தனியாக் கஷ்டப்படக் கூடாதேன்னு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

வாசலில் வண்டி நின்றது. நாலு பெட்டியோடு மாமியார் இறங்கினார்.

"வாங்க அத்தை" என்றார், ஈனஸ்வரத்தில்.

"மாப்ளே, அந்தச் சாய்வு நாற்காலி இனிமே எனக்கு. முதல்ல ஒரு காபி போடுங்க."

மனைவிக்குக் கிடைத்தது அத்தாட்சி. அவருக்குக் கிடைத்தது அத்தை ஆட்சி.